ஓதம் ஏறிய சுவர்: விழித்திரைக்கு அடியில் கோக்கும் நீரைப் படமெடுத்து அறிதல்



இந்த உரையை நடத்தும் அறக்கட்டளைக்கு ஒரு விதி உண்டு. உரை தமிழில் இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காதவர்க்கும் விளங்க வேண்டும். அந்த விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். நோயாளியிடம் தமிழில் சொல்ல முடியாத ஒன்றை மருத்துவர் முழுதாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நான் நம்புவதில்லை. ஆகவே, என் மருத்துவ வாழ்க்கையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட ஒரே ஒரு நோயைப் பற்றியும், அதைப் பார்ப்பதற்கு நமக்கு வாய்த்த கருவிகளைப் பற்றியும் மட்டும் இன்று பேசப்போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தையல்காரர் வந்தார். 38 வயது. ஆண்கள் சட்டை தைப்பதில் கைதேர்ந்தவர். கோடு போட்ட துணியில் சட்டைப் பை வைக்கும்போது, பையின் கோடும் சட்டையின் கோடும் ஒன்றாக ஓட வேண்டும். அதில் நூலளவு பிசகினாலும் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். அவர் சொன்னது இது: “மூணு வாரமா வலது கண்ணுல மட்டும் கோடு நடுவுல நெளியுது டாக்டர். துணியிலதான் கோளாறோன்னு திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அப்பவும் அதே இடத்துலதான் நெளியுது.”

துணியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாரே, அது ஒரு நல்ல சோதனை. குறை துணியில் இருந்தால் துணியோடு நகர வேண்டும்; கண்ணில் இருந்தால் பார்வையின் நடுவிலேயே நிற்கும். அவர் இன்னும் சிலவற்றையும் சொன்னார். வலக்கண்ணில் பார்த்தால் பொத்தான் சற்றுச் சிறிதாகத் தெரிகிறது. வெள்ளைத் துணி பழுப்பேறியது போல் இருக்கிறது. நடுவில் தண்ணீர் சொட்டி உலர்ந்தது போல் ஒரு வட்டம். அதற்குள் கண்ணாடிக் கடையில் பிளஸ் பவர் போட்டு ஒரு கண்ணாடியும் வாங்கியிருந்தார். அதைப் போட்டால் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது என்பதும் உண்மை. காரணம் எளிது. விழித்திரையின் நடுப்பகுதி முன்னோக்கி உப்பினால், ஒளி குவிய வேண்டிய தூரம் குறைகிறது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தாலே கண் ஏறத்தாழ 1 டயாப்டர் பிளஸ் பவருக்குப் போய்விடும். 38 வயதுக்காரருக்கு ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று பிளஸ் பவர் வந்தால், கண்ணாடி எழுதித் தருவதற்கு முன் கண்ணின் உட்பக்கத்தைப் பார்த்தாக வேண்டும்.

அவருக்கு வந்தது மைய விழித்திரை நீர்க்கோப்பு. மருத்துவப் பெயர் சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி. நாங்கள் சுருக்கி சி.எஸ்.சி. என்போம். ஆலோசகர்கள் நோயாளியிடம் “கண் நரம்புல நீர் கோத்திருக்கு” என்று சொல்வார்கள். விழித்திரையை நரம்பு என்று சொல்வது நம் மருத்துவமனைகளின் பேச்சு வழக்கு. அதில் தவறில்லை, விழித்திரை நரம்புத் திசுவேதான். என் கவலை “நீர் கோத்திருக்கு” என்பதோடு அந்த விளக்கம் நின்றுவிடுகிறதே என்பதுதான்.

பழைய வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் சுண்ணாம்பு நிறம் மாறும். பிறகு ஓரிடத்தில் உப்பி நிற்கும். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். அனுபவமுள்ள கொத்தனார் உப்பிய இடத்தைச் சுரண்டிப் பூசிவிட்டுப் போகமாட்டார். தரையிலிருந்து ஏறுகிறதா, மேல்தளத்திலிருந்து இறங்குகிறதா, சுவருக்குள் ஓடும் குழாய் கசிகிறதா என்று பார்ப்பார். சுவரின் மறுபக்கம் போவார். பக்கத்து அறைச் சுவரில் கையை வைத்துப் பார்ப்பார். இந்த நோயில் விழித்திரைதான் உப்பிய சுண்ணாம்பு. ஈரம் வேறிடத்தில் இருந்து வருகிறது.

கண்ணின் பின்சுவரை உள்ளிருந்து வெளியே எண்ணினால் நமக்கு இன்று மூன்று அடுக்குகள் போதும். முதலாவது விழித்திரை. கால் மில்லிமீட்டர் அளவே தடிமன். நடுவில் ஃபோவியா என்ற பள்ளம், அதாவது பார்வைக் குழி. ஊசி கோப்பதும் எழுத்து வாசிப்பதும் அங்கிருந்துதான். இரண்டாவது, அதன் அடியில் ஒரே வரிசைச் செல்களால் ஆன நிறமிப் படலம். மூன்றாவது கோராய்டு, இரத்தக் குழாய்கள் பின்னிப்பிணைந்த மெத்தை. கண்ணுக்கு வரும் இரத்தத்தின் பெரும்பகுதி இந்த மெத்தைக்குத்தான் போகிறது. நடுவில் உள்ள நிறமிப் படலம் இரண்டு வேலை செய்கிறது. கோராய்டின் ஈரம் மேலே வராமல் தடுக்கிறது. மேலே தேங்கும் நீரை இடைவிடாமல் கீழே இறைத்துக்கொண்டும் இருக்கிறது. கோராய்டு வீங்கி அழுத்தம் கூடும்போது ஒரு கட்டத்தில் அந்தப் படலத்தில் ஓரிடம் விட்டுக்கொடுக்கிறது. நீர் மேலே வந்து விழித்திரையைத் தூக்கிவிடுகிறது.

இவ்வளவு எளிதாக இன்று சொல்லிவிடுகிறேன். இதைக் கண்டுபிடிக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். உயிருள்ள மனிதனின் விழித்திரையை மருத்துவர்கள் முதன்முதலாகப் பார்த்தது அதன் பிறகுதான். 15 ஆண்டுகள் கழித்து, 1866-இல், பெர்லினைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே நடுவிழித்திரையில் வந்து வந்து மறையும் ஒரு நோயை விவரித்தார். வந்து மறைவதைச் சரியாகக் கவனித்தவர், காரணத்தைச் சிபிலிஸ் என்று நினைத்தார். அவர் பார்வைக்கு எட்டியது மேற்பரப்பு மட்டுமே. அடியில் என்ன நடக்கிறது என்று காட்ட அன்று எந்த வழியும் இல்லை. பெரிய மேதை ஒருவர் தம் கருவி காட்டிய அளவுக்கே பார்க்க முடிந்தது என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வழியைத் திறந்தது ஒரு சாயம். ஃப்ளூரசின். அடால்ஃப் ஃபான் பேயர் 1871-இல் உருவாக்கிய சாயம் அது. நீல ஒளி பட்டால் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். அதைக் கைநரம்பில் ஏற்றி, விழித்திரையின் இரத்த ஓட்டத்தைத் தொடர் படங்களாக எடுத்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருந்த ஹெரால்ட் நொவாட்னி, டேவிட் ஆல்விஸ் என்ற இரு இளைஞர்கள். இருவரும் அப்போது மருத்துவ மாணவர்கள். முதல் ஊசியை யார் போட்டுக்கொள்வது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்ததாகவும், தோற்ற ஆல்விஸின் கண்ணே முதலில் படமாக்கப்பட்டதாகவும் எங்கள் துறையில் சொல்வார்கள். அவர்களுடைய கட்டுரை 1961-இல் வெளியானது கண் மருத்துவ இதழில் அல்ல. சர்க்குலேஷன் என்ற இதய, இரத்த ஓட்ட இதழில்.

நம் ஊரில் இதைக் “கலர் ஊசி போட்டு எடுக்கிற படம்” என்பார்கள். கையில் ஏற்றிய சாயம் பத்துப் பதினைந்து விநாடிகளில் கண்ணுக்கு வந்துவிடும். நலமான கண்ணில் அது குழாய்க்குள்ளேயே ஓடும். நிறமிப் படலம் கோராய்டின் ஒளிர்வை மேலே விடாது. சி.எஸ்.சி. உள்ள கண்ணில் இருட்டில் ஒரு புள்ளி மின்னும். நிமிடங்கள் செல்லச் செல்ல அந்தப் புள்ளி, உறிஞ்சுதாளில் விழுந்த மை போலப் பரவும். பத்தில் ஒருவருக்கு ஏறக்குறைய இன்னொரு வடிவம் வரும். புள்ளியிலிருந்து சாயம் செங்குத்தாக மேலெழுந்து, பிறகு குடை போல இருபுறமும் விரியும். செங்கல் சூளைப் புகைபோக்கியைப் பார்ப்பது போலவே இருக்கும். தேங்கிய நீர் புரதம் நிறைந்து கனமாக இருக்கிறது. புதிதாகக் கசியும் சாய நீர் இலேசானது, அதனால் மேலே போகிறது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் இருட்டறையில் ஃபிலிம் கழுவி இந்தப் புகைக் கோட்டை முதன்முதலாகப் பார்த்த நாள் இன்னும் கண்முன் நிற்கிறது. கசிவு என்ற சொல்லைப் புத்தகத்தில் நூறு முறை படித்திருந்தேன். அது நடப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் படங்களை வைத்தே மயாமியில் பணியாற்றிய டொனால்ட் காஸ் 1967-இல் நோயின் கதையைத் திருத்தி எழுதினார். நோயின் வேர் விழித்திரையில் இல்லை, அடியில் உள்ள கோராய்டில் இருக்கிறது என்றார். அவரிடம் நான் அடுத்துச் சொல்லப்போகும் ஓ.சி.டி. கருவி இல்லை. கோராய்டை நேரே காட்டும் எந்தக் கருவியும் இல்லை. மேலே தெரிந்த கசிவை வைத்துக் கீழே என்ன இருக்கக்கூடும் என்று யோசித்தார். அதை மெய்ப்பிக்கும் படங்கள் வர இன்னும் 40 ஆண்டுகள் ஆயின. என் ஆசிரியர்கள் பலர் உண்டு. நான் நேரில் பார்த்திராத ஆசிரியர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் காஸைத்தான் சொல்வேன்.

இப்போது ஓ.சி.டி., அதாவது ஆப்டிகல் கோஹரன்ஸ் டோமோகிராபி. கண் மருத்துவமனைக்குப் போன எவருக்கும் இன்று இந்த மூன்றெழுத்து தெரியும். தாடையைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் புள்ளியைச் சில விநாடிகள் பார்த்தால் போதும். ஊசி இல்லை, தொடுதல் இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ ஆகியோரும் அவர்களுடைய கூட்டாளிகளும் 1991-இல் சயன்ஸ் இதழில் இதை அறிவித்தார்கள். மேலே சொன்ன மூவருக்கும் 2023-இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

இது வேலை செய்யும் விதம் அழகானது. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்து ஆழத்தைச் சொல்லலாம். ஒலி மெதுவாகப் போவதால் அது முடிகிறது. ஒளியோ விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. விழித்திரையின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை எந்தக் கடிகாரத்தாலும் நேரடியாக அளக்க முடியாது. அதனால் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று கண்ணுக்குள் போய்த் திரும்புகிறது, மற்றது ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. இரண்டும் மீண்டும் சேரும்போது ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதிலிருந்து ஆழம் கணக்கிடப்படுகிறது. சட்டைப் பையின் கோட்டைச் சட்டையின் கோட்டோடு பொருத்துவது போலத்தான். அந்தத் தையல்காரருக்கு நான் இப்படித்தான் விளக்கினேன், அவருக்கு உடனே பிடிபட்டது. 2002 வாக்கில் வந்த கருவி விநாடிக்கு 400 கோடுகள் எடுத்தது. பின்னர் வந்தவை பல்லாயிரம் எடுக்கின்றன. ஐந்தாறு மைக்ரான் இடைவெளியில் உள்ள இரு அடுக்குகளை இன்று பிரித்துப் பார்க்கலாம்.

சி.எஸ்.சி.யில் ஓ.சி.டி. படம் யாருக்கும் புரியும். விழித்திரை கூடாரம் போல் உயர்ந்து நிற்கும். அதன் அடியில் கருப்பாக ஒரு வெற்றிடம். அந்தக் கருப்புதான் நீர். திரையைத் திருப்பி அவரிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதுக்குத்தான் கோடு வளையுதா?” என்று கேட்டார்.

ஆனால் அந்தக் கருப்பைப் பார்த்ததோடு நிறுத்திவிடுவதுதான் இன்று நடக்கும் பெரிய தவறு. மருத்துவ மாணவர்கள் இங்கே இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் நீரின் மேற்கூரையைப் பாருங்கள். கூம்புச் செல்களின் வெளிமுனைகள் வழக்கமாக நிறமிப் படலத்தால் கத்தரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். விழித்திரை தூக்கி நின்றால் கத்தரிக்க ஆளில்லை. முனைகள் நீண்டு, கிழிந்த பாய் ஓரம் போலத் தொங்கும். அப்படித் தொங்கினால் நீர் வந்து சில வாரங்களாவது ஆகியிருக்கும். அந்தச் செல்களின் வரிசையைக் காட்டும் வெண்கோடு முழுதாக இருக்கிறதா, இடையிடையே அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். நீர் வடிந்த பிறகு எவ்வளவு பார்வை மிஞ்சும் என்பதை நீரின் உயரத்தைவிட அந்தக் கோடு நன்றாகச் சொல்லும். பிறகு தரையைப் பாருங்கள். நிறமிப் படலம் ஓரிடத்தில் சிறு மேடாக எழும்பியிருந்தால், கசிவு பெரும்பாலும் அதன் அருகில்தான்.

எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கருவி ஒரு தடிமன் கணக்கை அச்சிட்டுத் தரும். நோயாளிகள் அந்த எண்ணைச் சர்க்கரை அளவு போல மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கருவியும் விழித்திரை எங்கே முடிகிறது என்பதை ஒவ்வொரு கோட்டில் வைத்து அளக்கிறது. பழைய கருவி ஒன்றில் ஏறத்தாழ 210 மைக்ரான் காட்டும் அதே நலமான கண், வேறொரு கருவியில் 270 காட்டும். ஓர் ஊரில் எடுத்த எண்ணையும் வேறோர் ஊரில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து “கூடிவிட்டது” என்று மனம் உடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு முடிந்தவரை ஒரே கருவியில், ஒரே இடத்தில் கோடு போட்டு எடுக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே மெல்லிய நீர் மறைந்திருக்கவும் முடியும். ஒரு கோட்டை மட்டும் பார்த்து “நீர் வற்றிவிட்டது” என்று எழுதக்கூடாது.

கோராய்டு மட்டும் நெடுநாள் ஓ.சி.டி.க்குப் பிடிபடாமலே இருந்தது. நிறமிப் படலம் ஒளியைச் சிதறடித்துவிடும். 2008-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்பெய்டும் அவர் குழுவினரும் புதுக் கருவி எதுவும் வாங்காமலே ஒரு வழி கண்டார்கள். கருவியைக் கண்ணுக்கு வழக்கத்தைவிட அருகே தள்ளினார்கள். படம் தலைகீழாக வந்தது. ஆனால் கூர்மையான பகுதி கோராய்டில் விழுந்தது. அப்படிப் பல படங்களை எடுத்துச் சராசரியாக்கினார்கள். மறு ஆண்டு வந்த கணக்கு எங்கள் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. நலமான கண்ணில் நடுப்பகுதிக் கோராய்டின் சராசரித் தடிமன் 287 மைக்ரான், சி.எஸ்.சி. உள்ள கண்களில் 505. காஸ் சொன்னது 42 ஆண்டுகள் கழித்துக் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த நோயாளிகளில் பலருக்கு நீரே இல்லாத மறு கண்ணிலும் கோராய்டு தடித்துத்தான் இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயம் முதலில் இதயத்தின் இரத்த ஓட்டத்தை அளக்கப் பயன்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் அது ஒளிர்வதால் நிறமிப் படலத்தைத் தாண்டிக் கோராய்டைக் காட்டும். ஃப்ளூரசின் ஒரு புள்ளியைக் காட்டும் இடத்தில் ஐ.சி.ஜி. ஒரு பரப்பையே காட்டுவதுண்டு. சுவரின் அந்தப் பக்கம் முழுதும் ஈரம் என்பது அப்போதுதான் தெரியும். அயோடின் கலந்தது என்பதால் ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுவிட்டே போட வேண்டும். அடுத்தது ஆட்டோஃப்ளூரசன்ஸ். சாயமே வேண்டாம், நிறமிப் படலத்தில் சேரும் கழிவுப்பொருள் தானே ஒளிர்வதைப் படமெடுப்பது. ஆண்டுக்கணக்கில் கசிந்த கண்ணில், நடுவிலிருந்து கீழ்நோக்கி வழிந்த தாரை ஒன்று அதில் தெரியும். மழைக்காலம் முடிந்த பிறகும் சுவரில் நீர் வழிந்த தடம் நிற்குமே, அப்படி. “எனக்குப் போன மாதம்தான் வந்தது” என்று சொல்லும் நோயாளியின் கண்ணில் இந்தத் தடம் இருந்தால், நோய் அவருக்கே தெரியாமல் வந்து போயிருக்கிறது என்று பொருள். கடைசியாக ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி. ஓடும் இரத்தத்தின் அசைவை மட்டும் பிரித்தெடுத்துக் குழாய்களை வரைவது. கசிவை அது காட்டாது. ஆனால் நாட்பட்ட சி.எஸ்.சி.யின் அடியில் புதுக் குழாய்கள் முளைத்திருந்தால் காட்டிவிடும். அப்போது மருத்துவமே மாறும்.

இத்தனை படம் எதற்கு, ஒரு ஓ.சி.டி. போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. செலவு நோயாளியின் தலையில் விழுகிறது, நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் எல்லாம் வேண்டாம். ஆனால் நீர் மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

வோக்ட்-கொயனாகி-ஹராடா என்றொரு நோய் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றலே நிறமிச் செல்களைத் தாக்கும் நோய். ஆசிய மக்களிடம் சற்று அதிகம். அதிலும் விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும். அதிலும் கோராய்டு தடிக்கும். ஓ.சி.டி.யில் அவசரமாகப் பார்த்தால் சி.எஸ்.சி. என்றே தோன்றும். அதற்கு மருந்து ஸ்டீராய்டு, அதுவும் நிறைய, உடனே. சி.எஸ்.சி.க்கோ ஸ்டீராய்டு நெருப்பில் ஊற்றிய நெய். ஒன்றை மற்றொன்று என்று எண்ணினால் இரண்டு பக்கமும் பார்வை போகும். பிரித்துச் சொல்வது எது? ஃப்ளூரசின் படத்தில் அந்த நோய் ஒரு புள்ளியாக மின்னாது. ஊசி முனைகளைத் தூவியது போல நூற்றுக்கணக்கான புள்ளிகள் தோன்றும். பெரும்பாலும் இரு கண்ணிலும் வரும். தலைவலி, காதில் இரைச்சல் இருந்ததா என்று நோயாளியிடம் கேட்க வேண்டும். ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டுப் பல வாரங்களுக்குப் பின் எங்களிடம் வந்த சி.எஸ்.சி. நோயாளிகள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். நீர் பார்வைக் குழியைத் தாண்டிக் கீழ்ப்பாதி முழுதும் இறங்கியிருந்தது. அந்தக் கண்களை நினைக்கும்போதெல்லாம், அன்று கலர் ஊசிப் படம் ஒன்று எடுத்திருந்தால் என்ற எண்ணம் வராமல் இருப்பதில்லை.

இன்னொரு அவசரமும் பெருகிவருகிறது. நீர் என்றவுடன் கண்ணுக்குள் ஊசி. சர்க்கரை நோயில் விழித்திரையின் உள்ளேயே தேன்கூடு போல நீர் தேங்கும். முதுமையில் புதுக் குழாய்கள் முளைத்து நீரும் இரத்தமும் கசியும். அந்த இரண்டிலும் ஊசி பார்வையைக் காக்கிறது. நானே ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறேன். புதுக் குழாய் முளைக்காத சி.எஸ்.சி.யில் அந்த ஊசி பயன் தரும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. நீர் அடுக்குகளுக்குள் இருக்கிறதா, அடுக்குகளுக்கு அடியில் இருக்கிறதா, நிறமிப் படலத்துக்கும் அடியில் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் ஊசியைக் கையில் எடுக்கக்கூடாது.

இனி, எந்தக் கருவியாலும் எடுக்க முடியாத ஒரு தகவல். “ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கிறீர்களா?” என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்பார்கள். பொய் சொல்லவில்லை, அது ஸ்டீராய்டு என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்து? மூக்கடைப்புக்கு ஸ்ப்ரே? முகம் வெளுக்கப் பூசும் களிம்பு? முழங்காலில் போட்ட ஊசி? மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தந்த மாத்திரை? தையல்காரரிடம் கடைசிக் கேள்வியில்தான் விடை கிடைத்தது. பண்டிகைக்கால வேலையில் குனிந்து குனிந்து இடுப்பு வலி. கடையில் ஒரு பொட்டலம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். வலி போனதால் மூன்று மாதமாக அதையே வாங்கி விழுங்கியிருக்கிறார். பொட்டலத்தில் இருந்த சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. மூன்று மாதம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது; பொது மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்தோம். இந்த அரங்கில் உள்ளவர்கள் வீட்டுக்குப் போய், பெயர் தெரியாத மாத்திரைப் பொட்டலம் ஏதும் அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்தால் இந்த உரைக்குப் பயன் கிடைத்துவிடும்.

ஸ்டீராய்டு இல்லாமலும் இது வரும். ஆண்களுக்கே அதிகம். அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் 20 ஆண்டுகளுக்கும் மேல் எடுத்த கணக்கில், ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஏறத்தாழ 10 பேருக்கும், பெண்களில் இரண்டு பேருக்கும் குறைவானவர்களுக்கும் வந்தது. எதையும் உடனே முடிக்கத் துடிக்கும் இயல்பினரிடம் இது கூடுதலாகக் காணப்படுவதாக லாரன்ஸ் யானுசி 1987-இல் எழுதினார். கருவுற்ற பெண்களுக்கு வருவதுண்டு. உறக்கம் கெட்டவர்களிடமும் பார்க்கிறோம்.

மருத்துவத்தின் முதல் படி பொறுத்திருப்பது. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று, நான்கு மாதத்தில் நீர் தானே வற்றிவிடும். “ஒன்றும் செய்யாமல் அனுப்புகிறாரே” என்று நோயாளிக்குத் தோன்றும். அதனால்தான் படத்தைக் காட்டுங்கள் என்கிறேன். ஆறு வாரம் கழித்து எடுத்த படத்தை முதல் படத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டினால், காத்திருப்பதும் மருத்துவம்தான் என்று அவருக்கே விளங்கும். வற்றாமல் நின்றால் வெர்ட்டபோர்ஃபின் என்ற மருந்தை ஏற்றி, ஐ.சி.ஜி. காட்டிய பரப்பில் மென்மையான லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறோம். மருந்தைப் பாதியளவாகக் குறைக்கலாம் என்று ஹாங்காங் மருத்துவர்கள் வழி காட்டினார்கள். 2018-இல் வெளியான பிளேஸ் ஆய்வில் இம்முறையில் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் பரிசோதனையின்போது நீர் முழுதும் வற்றியவர்கள் 51.2 சதவீதம், மைக்ரோபல்ஸ் என்ற வேறொரு லேசர் முறையில் 13.8 சதவீதம். எப்ளெரினோன் என்ற மாத்திரையை இந்த நோய்க்கு உலகெங்கும் நம்பிக் கொடுத்துவந்தோம், நானும் கொடுத்தேன். பிரிட்டனில் 114 பேரிடம் நடந்த விசி ஆய்வு 2020-இல் லான்செட்டில் வந்தது: வெற்று மாத்திரையைவிட அது எந்தப் பயனும் தரவில்லை. அன்றோடு நிறுத்திவிட்டேன். வெர்ட்டபோர்ஃபின் விலை கூடிய மருந்து. கிடைப்பதிலும் தட்டுப்பாடு வந்திருக்கிறது. கசிவு நடுப்பள்ளத்திலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு, ஃப்ளூரசின் காட்டிய அந்த ஒற்றைப் புள்ளியில் பழைய லேசரே போதும். புள்ளி எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தையல்காரருக்கு எதுவும் தேவைப்படவில்லை. மாத்திரை நின்றது. ஆறாம் வாரப் படத்தில் கூடாரம் பாதியாகத் தாழ்ந்திருந்தது. நான்காம் மாதத்தில் கருப்பே இல்லை. ஆனாலும், “வெள்ளை இன்னும் முழு வெள்ளையா இல்லை” என்றார். படத்தில் அந்த வெண்கோடு இன்னும் ஓரிடத்தில் மங்கித்தான் இருந்தது. அது தேற மேலும் சில மாதங்கள் ஆயின.

முதல் நாளே அவருடைய இடக்கண்ணின் கோராய்டையும் அளந்திருந்தேன். நீர் இல்லை, பார்வை முழுமை; ஆனால் தடிமன் வலக்கண்ணுக்கு இணையாக இருந்தது. அந்தப் படத்தையும் காட்டி, தினமும் காலையில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாதக் காலண்டரின் கட்டங்களைப் பாருங்கள் என்று சொன்னேன். இரண்டு கண்ணையும் திறந்து வைத்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடிவிடும். அவர் காலண்டரைப் பயன்படுத்தவில்லை. கடையைத் திறந்ததும் கோடு போட்ட துணி ஒன்றை மேசையில் விரித்து, வலக்கண்ணால் ஒருமுறை, இடக்கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மிஷினை மிதிப்பாராம்.

மூன்று ஆண்டுகள் கழித்து வந்தார். “இந்த வாட்டி இடது டாக்டர். நேத்து காலையிலதான். மாத்திரை எதுவும் சாப்பிடல, ரெண்டு வாரமா ராத்திரி வேலை.” ஓ.சி.டி. எடுத்தோம். பார்வைக் குழிக்குச் சற்று மேலே, பென்சிலால் இழுத்த கோடு போல மெல்லிய கருப்பு. நடுவை இன்னும் தொடவில்லை. திரையை நான் திருப்புவதற்குள் அவரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விரலை நீருக்கு அடியில், தடித்த மெத்தையின் மேல் வைத்தார்.